பன்னிரண்டு பைப் பாய்

வாடை ஓய்ந்து சோளகம் பெயர்ந்ததும் எங்கள் கழகக் கொட்டிலுக்குப் பெடியள் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். "ஐயா, இந்தமுறை எங்கட வள்ளத்துக்கும் ஒரு பாய் வெட்டித் தாங்கோவன்" என்பார்கள். வெட்டித் தரமாட்டேன். பக்கத்தில் இருத்தி வெட்டப் பழக்குவேன். அதற்குப் பொறுமை இல்லாதவன் பட்டணத்துக் கடையில் தறப்பாள் வாங்கி மரத்தில் கட்டிக்கொண்டு போட்டிக்கு வரலாம், தடையில்லை. கடைசியாக வந்து சேருவான், அவ்வளவுதான். பழகத் துணிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கழகம் என்று பெரிதாகச் சொல்கிறேன். குருநகர்க் கரையில் தகரம் போட்ட ஒரு கொட்டில், நாலு வாங்கு, கண்ணாடி உடைந்த ஓர் அலுமாரி, அதற்குள் வெற்றிக் கிண்ணங்கள். கொழும்பில் றோயல் கொழும்பு யொட் கிளப் இருக்கிறது. பொல்கொட ஏரிக்கரையில் இன்னொரு யொட் கிளப் இருக்கிறது. அங்கே போட்டிக்கென்றே கட்டிய படகுகள். எங்கள் வள்ளம் விடியப்புறம் இறாலோடு கரைக்கு வந்து, வலையை இறக்கிவிட்டு, பின்னேரம் போட்டிக்கு வரும். செதில் ஒட்டியபடியே வரும். அதற்கேற்ற சட்டங்களைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம்.

முதலாவது சட்டம், பாய்க்குப் பன்னிரண்டு உரப்பைக்கு மேல் கூடாது. ஐம்பது கிலோ யூரியாப் பை. அடித்தையலைப் பிரித்து ஒரு பக்கம் நேராகக் கீறி விரித்தால் ஏறக்குறைய நாலடிக்கு மூன்றடி கிடைக்கும். காசுள்ளவன் பெரிய பாய் கட்டி ஓடிவிடக் கூடாது என்பதற்காக எங்களைப் பழக்கிய அம்மான் போட்ட சட்டம் இது. எல்லாருக்கும் ஒரே பன்னிரண்டு பை. அதை எப்படி வெட்டுகிறாய், எப்படிப் பொருத்துகிறாய் என்பதில்தான் போட்டி. வள்ளம் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே பாதிப் போட்டி கொட்டில் நிலத்தில் முடிந்துவிடும்.

பையைக் கழுவி நிழலில் காயவிடுங்கள். கத்தரிக்கோல் வைக்காதீர்கள், வெட்டிய வாயிலிருந்து இழை பிரிந்துகொண்டே போகும். பழைய கத்தியொன்றைக் குப்பிவிளக்கில் காய்ச்சி இழுத்தால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். துண்டுகளை முன்னோரத்திலிருந்து பின்னோரத்துக்குப் படுக்கையாக அடுக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைத்துத் தையுங்கள். இங்கேதான் கைவேலை இருக்கிறது. ஏறுகிற அளவு ஒரே சீராக இருந்தால் பாய் பலகைபோலத் தட்டையாக வரும். பாய்க்கு வயிறு வேண்டும். நடுவில் குறைவாக ஏற்றி, முன்னோரத்துக்கு வரவர இரண்டு விரல் கூட்டி, பின்னோரத்தில் ஒரு விரல் கூட்டித் தைத்தால் துணி நடுவில் தானாகக் குழியும். அந்தக் குழிவின் ஆழமான இடம் முன்னோரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டி நிற்க வேண்டும். பின்னோரம் தட்டையாக முடிய வேண்டும். வயிறு பின்னுக்குத் தள்ளிப் போனால் காற்று வள்ளத்தை முன்னே இழுக்காது, பக்கவாட்டில் தள்ளும். எங்கள் வள்ளங்களின் அடி ஆழமில்லை, பக்கம் தள்ளினால் தள்ளின பக்கமே போகும்.

அம்மான் விரலால்தான் அளந்தார். தாளில் கீறி நான் கண்டதில்லை. ஈர மணலில் ஒரு குச்சியால் பாயின் உருவத்தைக் கீறி, மூலைக்கு மூலை முளையடித்துக் கயிறு கட்டுவார். பிறகு அந்தக் கயிற்றுக்குமேல் துண்டுகளை விரிப்பார். தைத்து முடிந்ததும் இரண்டு பனைக்கு நடுவில் பாயைத் தூக்கிக் கட்டச் சொல்லி, எங்களை அதன் கீழே நிமிர்ந்து படுக்கவைப்பார். மேலே வெயில், பாயில் காற்று. கீழே கிடந்து பார்த்தால் ஒவ்வொரு சுருக்கமும் கோடு கீறினதுபோலத் தெரியும். மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கோடு ஓடினால் ஓரக்கயிறு இறுகிவிட்டது. தையலை ஒட்டிக் குறுக்கே சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்தால் நூலை இழுத்துத் தைத்திருக்கிறோம். பின்னோரம் படபடவென்று அடித்தால் அங்கே துணி தளர்ந்துபோயிருக்கிறது. "என்ன தெரியுது மருமோன்?" என்பார். சரியாகச் சொன்னாலும் பாராட்டு வராது. "அப்ப அவிழ்" என்பது மட்டும் வரும். அவர் வாயில் அதிகம் கேட்ட சொல் அதுதான். ஒரே தையலை மூன்றாம்முறை அவிழ்க்கும்போது கண் கலங்கும். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்.

அவர் கித்தான் காலத்து ஆள். பருத்திக் கித்தானைப் பட்டை அவித்த சாயத்தில் ஊறப்போட்டு, காய்ந்த பிறகுதான் வெட்டுவார்களாம். நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நெகிழும் என்பதால் புதுப் பாயை முதல்நாளே பலமாக இழுத்துக் கட்டக் கூடாது. மெல்லிய காற்றில் சில நாள் தொங்கவிட்டு, அதன் போக்கில் நீளவிட வேண்டும். உரப்பைக்கு இந்தக் குணம் இல்லை. அது நீளாது, சுருங்காது, மன்னிக்கவும் மாட்டாது. வெட்டின பிழை வெட்டினபடியே நிற்கும். இதனால் உரப்பைப் பாய் தைக்கிறவனுக்குக் கித்தான்காரனைவிட நிதானம் கூட வேண்டும் என்பது என் எண்ணம். அம்மான் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

நூல் விஷயத்தில் ஒரு பெடியனின் கதை சொல்ல வேண்டும். நல்ல கைக்காரன், தையல் மெசின் ஒன்று வீட்டில் இருந்தது. நாங்கள் கோணூசியும் நைலோன் நூலும் மெழுகுதிரித் துண்டும் வைத்துக்கொண்டு நாட்கணக்கில் குந்தியிருந்தபோது அவன் ஒரே இரவில் மெசினில் அடித்து, பொடித்தையலாக, பார்க்க அழகாகக் கொண்டுவந்தான். போட்டியில் கடலில் நட்ட கொடியைச் சுற்றும்போது ஒரு காற்று வந்து விழுந்தது. பாய் தையல் வழியே முத்திரைத்தாள் கிழிகிற மாதிரி நேராக இரண்டாகப் போனது. நெருக்கமாகக் குத்திய ஊசித்துளைதான் காரணம். உரப்பை கிழிவதற்குத் துளைதான் வழி. தையலை ஒரு விரலகலம் விட்டுவிட்டு, ஒரே கோட்டில் போகாமல் ஏற்றி இறக்கிப் போடுங்கள். ஓரத்தை இரட்டையாக மடித்து, உள்ளே வலைக்கயிறு வைத்துச் சுற்றித் தையுங்கள். அந்த ஓரக்கயிறு துணியைவிடச் சற்றுக் கட்டையாக இருக்க வேண்டும். பத்தடிக்கு நாலு விரல். அப்போதுதான் இழுவையைக் கயிறு தாங்கும், துணி சும்மா இருக்கும். அந்தப் பெடியன் அடுத்த வருடம் கோணூசியோடு வந்து குந்தினான். இப்போது என்னைவிட வேகமாகத் தைக்கிறான்.

போட்டி ஏன் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இயந்திரம் வந்த பிறகு பாய் எதற்கு, வெறும் விளையாட்டுத்தானே என்பார்கள். தொழிலில் பாயை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் பதில். இறாலுக்குப் போகிறவன் பாயை விரித்து, வள்ளத்தைக் குறுக்கே விட்டு, காற்று தள்ள வலையை இழுத்துக்கொண்டு போவான். பாய் கொஞ்சம் கோணலாக நின்றாலும் வலை இழுபடும். பக்கத்தில் இன்னொரு வள்ளம் ஒரே காற்றில், ஒரே பன்னிரண்டு பையில் முந்திக்கொண்டு போகும்போதுதான் தன் பாயை நிமிர்ந்து பார்க்கிறான். வருடத்தில் அந்த ஒரு பின்னேரம் இல்லையென்றால் இந்த வேலை எப்போதோ அழிந்திருக்கும்.

இது வாய்ப்பேச்சில்லை. 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பானபோது வெளியிணைப்பு இயந்திரங்கள் சாக்குப் போர்த்திக் கிடந்தன. பாய் கட்டத் தெரிந்தவன் வீட்டில் உலை கொதித்தது. அப்போது யூரியாவும் தடைப்பட்டியலில் இருந்ததால் உரப்பைக்கும் வழியில்லை. நிவாரண மாவுச் சாக்கு, கிழிந்த தறப்பாள், பழைய சாரம் எல்லாம் பாயாகின. சாரத்தில் பாய் தைப்பதற்கு அம்மானிடம் ஒரு தந்திரம் இருந்தது. துணியை நேர்நூலில் வெட்டாமல் பின்னோரம் மட்டும் கரைத்துணி வரும்படி வைப்பார். அந்த ஓரந்தான் முதலில் கிழியும், நெய்த கரை அதைத் தாங்கும். போட்டி நாட்களில் இப்படி வேடிக்கையாகப் பரிசோதித்துப் பார்த்தவைதான் அந்த நாட்களில் கைகொடுத்தன.

2022இலும் அதே கதை. எண்ணெய்க்கு வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. அந்த வருடம் கொட்டிலில் குந்த இடமில்லை. முன்பு எங்களைப் பார்த்துச் சிரித்த இயந்திரக்காரர்களும் கோணூசி கேட்டு வந்தார்கள். எண்ணெய் திரும்பி வந்ததும் பாதிப்பேர் போய்விட்டார்கள். பரவாயில்லை, மீதிப்பேர் இருக்கிறார்கள்.

இனிக் கடலுக்கு வருவோம். எங்கள் கரை தெற்குப் பார்த்தது. சோளகம் மண்டைதீவுப் பக்கத்திலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். ஆகவே புறப்பட்டதும் எதிர்க்காற்று. பாயை மாற்றி மாற்றி, இடமும் வலமுமாக வெட்டி ஏறிக் கொடியைச் சுற்றி, பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கரைக்கு ஓடிவர வேண்டும். புதியவர்கள் ஓடிவருகிற பாதியில்தான் வெற்றி என்று நினைக்கிறார்கள். அது யாராலும் முடியும். வெட்டி ஏறுவதில்தான் ஆளைத் தெரியும். முன்னோரத்தில் ஒரு முழம் பழைய கசெற் நாடாவைக் கட்டிவிடுங்கள். அது பாயோடு ஒட்டிப் பின்னுக்குப் பறந்தால் சரி. துடித்து மேலெழுந்தால் ஒன்றில் பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிற்றை இழுக்க வேண்டும், அல்லது சுக்கானைக் காற்றிலிருந்து விலக்க வேண்டும். அந்தத் தாமானை ஒருபோதும் கட்டையில் கட்டிவைக்காதீர்கள். கையிலேயே இருக்கட்டும். காற்று தடித்து விழும்போது விட்டுவிடத் தெரியாதவனின் வள்ளம் கவிழும். கை நோகிறது என்று கட்டிவிட்டு இறால் பொரியல் பார்சலைப் பிரித்த ஒருவரை நாங்கள் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கியிருக்கிறோம். பார்சலும் போய்விட்டது.

தண்ணீரையும் வாசிக்க வேண்டும். வெளிர்பச்சை என்றால் அடியில் மணல். கறுத்த பச்சை என்றால் சாதாளை, சுக்கானில் சுற்றிக்கொள்ளும். மேற்பரப்பில் ஓடிவரும் கருநிறத் தடம் காற்று. அது உங்களைத் தொடுவதற்கு முன்பே வள்ளத்தில் இருப்பவர்கள் காற்றுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மீன் பிடிக்க நட்ட களங்கண்டித் தடிகள் நிற்கும் இடங்களைப் போட்டிக்கு முதல்நாள் வடிவாகப் பார்த்து வையுங்கள். ஒருவரின் களங்கண்டியை இடித்துக்கொண்டு வென்றாலும் பரிசு இல்லை. அது அவரின் சோறு.

இந்தப் பரவைக்கடல் 400 சதுர கிலோமீற்றர் அளவில் விரிந்து கிடந்தாலும் அனேக இடத்தில் ஆள் உயரம்கூட ஆழமில்லை. அதனால் எங்களுக்கென்றே ஒரு கள்ளம் உண்டு. பாயின் மறைவில் ஒருவன் குனிந்திருந்து மரக்கோலால் நிலத்தை ஊன்றித் தள்ளுவான். கரையில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. வள்ளம் மட்டும் காற்றே இல்லாத இடத்தில் துள்ளிக்கொண்டு போகும். கோலைக் கரையில் விட்டுவரச் சொல்லவும் முடியாது, ஆபத்துக்குக் கோல் வேண்டும். பலவருடம் இதில் சண்டைதான். கடைசியில் அம்மான் ஒரு வழி கண்டுபிடித்தார். புறப்படும்போது ஒவ்வொரு கோலையும் வள்ளத்தோடு தையல் நூலால் கட்டி, முடிச்சில் மெழுகு ஊற்றி விரலை அழுத்துவார். திரும்பி வரும்போது மெழுகு உடைந்திருந்தால் போட்டியிலிருந்து வெளியே, காரணம் கேட்கமாட்டார். இப்போது அந்த விரல் என்னுடையது.

யூன் மாதம் 10ஆம் திகதி முடியும்வரை நாங்கள் போட்டிப் பேச்சே எடுப்பதில்லை. 1986இல் அந்த நாளில்தான் மண்டைதீவுக் கடலில் எங்கள் தொழிலாளர் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். நாங்கள் கொடி நடுகிற தண்ணீர் அது. அவர்களின் வீட்டாருக்கு முதலில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கழகக் கூட்டம். யாரும் சட்டமாக எழுதிவைத்ததில்லை.

பரிசளிப்பு இரவிலே. முந்திய காலத்தில் முதற்பரிசு ஒரு கட்டு வலைநூல், இரண்டாம் பரிசு அரிக்கேன் லாம்பு, மூன்றாவதற்கு ஒரு சுருள் கயிறு. வென்றவன் அடுத்தநாளே அதைத் தொழிலுக்குக் கொண்டுபோவான். இப்போது ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள். தாயின் நினைவாக, தகப்பனின் நினைவாகப் பொன்னிறத்தில் இடுப்பளவு கிண்ணங்கள் வருகின்றன. அவர்கள் மனதை நோகடிக்க முடியாது, வாங்கிக் கொடுக்கிறோம். ஆனாலும் ஒரு வலைநூல் கட்டை நான் விடாமல் வைத்திருக்கிறேன். அது முதலாவதாக வந்த வள்ளத்துக்கு இல்லை. போட்டி முடிந்து எல்லாப் பாய்களையும் மணலில் விரித்து, எங்கள் கரையில் வலை பொத்துகிற பெண்கள் தையலைத் தடவிப் பார்த்து, திருத்தமானது எது என்று சொல்வார்கள். அந்தப் பாயைத் தைத்தவருக்கு நூல். ஓடினவருக்கு இல்லை, தைத்தவருக்கு. ஒருமுறை ஒன்பதாவதாக வந்த பாய்க்குக் கிடைத்தது. தைத்தது அந்த வள்ளக்காரனின் தங்கச்சி என்பது அன்றுதான் தெரிந்தது. அவள் இப்போது எங்களோடுதான் குந்துகிறாள். துண்டு பொருத்துவதில் விரல் கணக்குக்கூட வைப்பதில்லை, கண்மட்டம்.

கூழ் காய்ச்சுவது கழகத்து ஆண்கள். அன்றைய இறால், நண்டு, சின்னமீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் பெரிய கிடாரத்தில் வெந்த பிறகு, ஊறவைத்துக் கரைத்த ஒடியல் மாவை விட்டு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, முருங்கையிலை போட்டு இறக்குவார்கள். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஊர்ச் செய்தி வாசிப்போம். யார் புது வள்ளம் இறக்கினார், யார் வீட்டில் பிள்ளைப்பேறு, யாருக்குக் கல்யாணம் சரிவந்தது, யார் பிளேனேறினார், யார் போய்ச் சேர்ந்தார். போய்ச் சேர்ந்தவரின் பெயரோடு அவர் எந்த வள்ளத்தில் என்ன வேலை செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். "சுக்கான் பிடித்தவர்", "தண்ணி இறைத்தவர்" என்று அது மட்டும். பதவி, பட்டம் வேண்டாம்.

அம்மானிடம் ஒருமுறை அன்னபூரணியின் கதையைச் சொன்னேன். வல்வெட்டித்துறையில் வேம்பில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல். சின்னஞ்சிறு பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளும் அதைச் சூயஸ் தாண்டி, அத்திலாந்திக் கடந்து, 1938 ஓகஸ்ட் 1இல் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். வடமராட்சி இன்றும் பெருமையோடு சொல்லும் பயணம். அம்மான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வழியிலை பாய் கிழிஞ்சிருக்குமே, ஆர் தைச்சது?" என்றார். நான் படித்த எதிலும் அது இல்லை. "அப்ப கதை அரைவாசிதான்" என்று எழுந்து போய்விட்டார்.

இந்த வருடம் பழக வருகிறவர்களுக்குச் சில விஷயம். கோணூசி, மெழுகுதிரி, உள்ளங்கைக்கு ஒரு தோல்துண்டு கொண்டு வாருங்கள். பை நாங்கள் தருவோம். அச்சடித்த பக்கம் உள்ளே வரும்படி தையுங்கள், உரக் கொம்பனிக்கு நாங்கள் விளம்பரம் ஓடவில்லை. ஒரு பாய் ஒரு சோளகத்துக்குத்தான், வெயில் உரப்பையைப் பொரித்துவிடும், விரலால் குத்தினாலே பொடியாகும். அதற்காகப் பழையதை எறியாதீர்கள். தையலைப் பிரிக்காமல் கொட்டிலில் வையுங்கள், அடுத்தமுறை வெட்டுவதற்கு அளவு அதுதான். போட்டி முடிந்த கையோடு நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பாய் கட்டுகிற பருமல் தடியோடு சுற்றிக் கூரைமரத்தில் உயரக் கட்டுங்கள். கீழே வைத்தால் எலி கடிக்கும். போன வருடம் இரண்டு பாய் அப்படித்தான் போனது.